பதினான்கு வாரம் வரை உறவுகள்தான் குழந்தையிடம் வர வேண்டும்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய நாள் மாலையில் பெருங்களத்தூரிலிருந்து பரனூர் சுங்கச்சாவடி வரை ஊர்ந்து நகரும் வண்டிகளுக்குள், பிறந்து ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஆன கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள். துண்டில் சுற்றி, ஏசி காற்று முகத்தில் படாமல் சேலைத் தலைப்பால் மூடி, தாயின் மடியில் வைத்துக் கொண்டுபோகிறார்கள். சென்னையிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 460 கிலோமீட்டர், திருநெல்வேலிக்கு 620, நாகர்கோவிலுக்கு 700. பேரப்பிள்ளையை மடியில் போட்டுக் கொஞ்சத் துடிக்கும் ஆச்சியும் தாத்தாவும் அங்கே காத்திருக்கிறார்கள். குலதெய்வம் கோயிலில் முதல் முடி எடுப்பது பற்றிய பேச்சும் தொடங்கியிருக்கும். இந்த ஆசைகளில் எதையும் தவறென்று சொல்ல முடியாது. ஆனால், குழந்தை பிறந்து 14 வாரம் முடியும்வரை இந்த நெடும்பயணம் வேண்டாம் என்பதும், அதுவரை உறவினர்தான் குழந்தை இருக்கும் இடத்துக்கு வர வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. தவிர்க்கவே முடியாமல் காரில் போக நேர்ந்தால், மடியில் வைத்துக்கொண்டு மட்டும் போகக் கூடாது.

14 வாரம் என்ற கணக்கு தடுப்பூசி அட்டையிலிருந்து வருவது. நம் நாட்டின் தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி பிறந்தவுடன் பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி ஆகியவை தரப்படுகின்றன. அதற்குப் பிறகு ஆறாவது வாரம் வரை வேறு தடுப்பூசி இல்லை. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் எதிரான பென்டாவேலன்ட் தடுப்பூசி 6, 10, 14 ஆகிய வாரங்களில் மூன்று தவணையாகப் போடப்படுகிறது. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான ஊசியின் முதல் இரண்டு தவணைகள் 6, 14 ஆகிய வாரங்களில் போடப்படுகின்றன. ஆக, மூன்று மாதம் கடந்த பிறகுதான் குழந்தையின் உடல் இந்த நோய்களைச் சமாளிக்கும் நிலைக்கு வருகிறது. பண்டிகை வீட்டிலோ ஒரே கூடத்தில் பதினைந்து, இருபது பேர் இருப்பார்கள். அவர்களில் இரண்டு பேருக்காவது சளியோ இருமலோ இருக்கும். குழந்தையைக் கை மாற்றிக் கை வாங்கி, கன்னத்தில் முத்தமிடாமல் யாரும் விடுவதில்லை. பெரியவருக்குச் சில வாரங்கள் நீடிக்கும் வெறும் இருமலாகத் தோன்றும் கக்குவான், ஒரு மாதக் குழந்தையிடம் இருமலே இல்லாமல் மூச்சு நின்றுபோவதாகக்கூட வெளிப்படலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே, கைவைத்தியம் எதுவும் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது குழந்தை மருத்துவத்தின் அடிப்படை விதி. பொங்கல் நாளில் சின்ன ஊர் ஒன்றில் குழந்தை மருத்துவரைத் தேடி அலைவது எப்படிப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால் போதும்.

தமிழ்நாட்டின் சிசு மரண விகிதம் 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி ஆயிரத்துக்கு 13. நாட்டின் பெரிய மாநிலங்களில் நாம் முன்வரிசையில் நிற்பதற்குக் கிராம சுகாதாரச் செவிலியர் தொடங்கி எத்தனையோ பேரின் பல்லாண்டு உழைப்பு காரணம். ஆனாலும் நாம் இழக்கும் சிசுக்களில் பெரும்பாலோரை முதல் 28 நாளிலேயே இழக்கிறோம். பச்சிளம் பருவம் என்று அந்த 28 நாளை மருத்துவம் தனியே பிரித்து வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். மஞ்சள் காமாலை கூடுகிறதா, இழந்த எடை திரும்புகிறதா, பால் சரியாக இறங்குகிறதா, தொப்புள் காய்ந்துவிட்டதா என்பதையெல்லாம் ஒரே இடத்தில் இருந்து கவனிக்க வேண்டிய காலம் அது. அதனால்தான் வீட்டுக்கே சென்று பச்சிளங்குழந்தையைப் பார்க்கும் தேசியத் திட்டத்தில், மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். ஒன்றரை மாதம் வரை சுகாதாரப் பணியாளரே குழந்தையைத் தேடி வருகிறார். உறவினருக்கும் அதே வழக்கம்தான் பொருந்தும்.

பயணத்தின் நேரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பிறந்து சில வாரமே ஆன குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். அதாவது இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. ஓடும் காரில் குழந்தையைக் கையில் எடுத்துப் பால் கொடுப்பது ஆபத்து; அதனால் ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்த வேண்டும். பால் கொடுத்து, ஏப்பம் வரும்வரை தோளில் போட்டுத் தட்டி, துணி மாற்றிக் கிளம்ப அரை மணி நேரமாவது ஆகும். சாதாரண நாளில் பத்து, பதினோரு மணி நேரம் பிடிக்கும் நெல்லைப் பயணம் இந்த நிறுத்தங்களோடு பதின்மூன்றைத் தொடும். பண்டிகைக்கு முந்தைய இரவில் செங்கல்பட்டைத் தாண்டவே ஆகும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை. இப்படிப் போய்ச் சேர்ந்து இரண்டு நாள் தங்கி, விடுப்பு முடிகிறதென்று மறுபடி அதே தூரம் திரும்ப வேண்டும். நான்கு நாளில் இரண்டு நெடும்பயணம். பெரியவர்களே அடுத்த இரண்டு நாள் உடம்பு வலியோடு அலுவலகம் போகிறார்கள். இந்த அவசரத்தில் முதலில் விட்டுப்போவது தாய்ப்பால்தான். நெரிசலில் நிறுத்த இடமில்லை, அழுகிறது என்று யாரோ ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ புட்டிப்பாலையோ நீட்டுவார். ஆறு மாதம் வரை தண்ணீர்கூடத் தேவையில்லாத குழந்தைக்கு வழியோரத் தண்ணீர் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும்.

மடியில் வைத்துக்கொண்டு போவதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். நம்மில் படித்தவர், படிக்காதவர், மருத்துவர் வீட்டார் என எல்லோரும் தாயின் மடியே குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் என்று மனமார நம்புகிறோம். வீட்டில் அது உண்மை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரில் அது உண்மையாக இருக்க இயற்பியல் விடாது. அந்த வேகம் நொடிக்கு 22 மீட்டர். மோதலில் வண்டி பத்தில் ஒரு பங்கு நொடியில் நின்றால், உள்ளே இருப்பவர் மீது புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 22 மடங்கு விசை செயல்படும். நான்கு கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 90 கிலோ எடை போலக் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். எந்தத் தாயின் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. தாய் சீட் பெல்ட் போடாமல் இருந்தால் நிலைமை இன்னும் கொடியது: முன்னிருக்கைக்கும் தாயின் உடலுக்கும் நடுவே குழந்தை நசுங்கும். தாயின் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டினாலும் இதே ஆபத்துதான். 2022இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்கு. சரியாகப் பொருத்திய குழந்தை இருக்கை, விபத்தில் கைக்குழந்தை இறக்கும் வாய்ப்பை ஏறக்குறைய 70 சதவீதம் குறைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. காரின் பின்னிருக்கையில், குழந்தையின் முகம் வண்டியின் பின்புறம் பார்த்திருக்கும்படி பொருத்த வேண்டிய இருக்கை அது. ஏர்பேக் இருக்கும் முன்னிருக்கையில் அதை ஒருபோதும் வைக்கக் கூடாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. இந்தப் பிரிவின்கீழ் யாரையும் நிறுத்திக் கேட்பதை நம் சாலைகளில் பார்க்க முடிவதில்லை. குழந்தை இருக்கையோடு வரும் வாடகைக் காரும் அரிது. இதற்கிடையே இன்னொரு செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருக்கை வாங்கிவிட்டால் எவ்வளவு தூரமும் போகலாம் என்று பொருளில்லை. பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பச்சிளங்குழந்தைகளைக் கார் இருக்கையின் சாய்வில் அரை மணி நேரம் வைத்துக் கவனித்தார்கள். ஓடும் வண்டியின் அசைவைப் போல ஆட்டியபோது குழந்தைகளின் இதயத் துடிப்பும் மூச்சு வேகமும் கூடின, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தது. கழுத்து நிற்காத குழந்தையின் தலை முன்னால் சரிந்து மோவாய் நெஞ்சில் படும்போது மூச்சுக்குழாய் மடங்குகிறது. குறைமாதக் குழந்தைக்கு இந்த ஆபத்து கூடுதல். ஆகவே மடியில் வைத்தால் விபத்து ஆபத்து. இருக்கையில் நெடுநேரம் வைத்தால் மூச்சுக்கு ஆபத்து. இரண்டுக்கும் ஒரே தீர்வு, கழுத்து நிற்கும்வரை நெடுந்தூரம் போகாமல் இருப்பது. அது மூன்று, நான்கு மாதத்தில் நடக்கிறது.

குழந்தையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் தாயை மறந்துவிடுவோம். பண்டிகைப் பயணத் திட்டங்களில் பெரும்பாலும் நடப்பதும் அதுதான். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். வயிற்றில் தையல் போட்டு ஐந்து வாரம்கூட ஆகாத பெண், வேகத்தடைக்கு வேகத்தடை அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு பத்து மணி நேரம் உட்கார்ந்து வருகிறாள். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களில் கால் சிரைகளில் ரத்தம் உறையும் அபாயம் மற்ற காலத்தைவிடப் பல மடங்கு அதிகம். அறுவைசிகிச்சை அதைக் கூட்டுகிறது. அசையாமல் நெடுநேரம் உட்கார்ந்திருப்பது மேலும் கூட்டுகிறது. நெடுஞ்சாலையில் சுத்தமான கழிப்பறை கிடைக்காது என்று தெரிந்த பெண்கள் பயணத்தன்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். பால் கொடுக்கும் தாய்க்கு இது எவ்வளவு பெரிய கொடுமை! போய்ச் சேர்ந்த வீட்டிலும் அவளுக்கு ஓய்வில்லை. வருவோர் போவோர் நடுவில் கதவு சாத்திப் பால் கொடுக்க ஓர் அறை கிடைப்பதே பாக்கியம்.

"நாங்களெல்லாம் உங்களைக் கையில் தூக்கிக்கொண்டு அரசுப் பேருந்தில் வரவில்லையா? என்ன கெட்டுப்போயிற்று?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அன்போடு கேட்கும் கேள்விதான். ஆனால் அந்தக் காலத்து வழக்கத்தை முழுதாக நினைவுகூர்ந்தால், அது என் பக்கமே பேசுகிறது. முதல் பிரசவம் தாய்வீட்டில். பிரசவத் தீட்டு என்ற பெயரில் தாயையும் பிள்ளையையும் பல வாரம் தனியறையில் வைத்தார்கள். சுற்றமும் அண்டை அயலும் சட்டை துணியோடு, பிள்ளை பெற்றவளுக்கான பத்தியச் சாமான்களோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கணவன் வீட்டுக்குக் குழந்தையை அழைத்துப் போவது பல குடும்பங்களில் மூன்றாம் மாதம் அல்லது ஐந்தாம் மாதம். தீட்டு என்ற கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. பெற்றவளை ஒதுக்கி வைக்கும் பார்வை அதில் உண்டு. ஆனால் பச்சை உடம்பையும் பச்சைப் பிள்ளையையும் அலைக்கழிக்கக் கூடாது என்ற அறிவு அந்த வழக்கங்களுக்குள் இருந்தது. கழுத்து நிற்பதும் மூன்று தவணைத் தடுப்பூசி முடிவதும் அந்த மூன்றாம் மாதத்தை ஒட்டியே வருகின்றன. அந்த வழக்கத்தைக் கைவிட்டது நாம்தான். நான்குவழிச் சாலையும் கையில் காரும் வந்த பிறகு தூரமே இல்லை என்று நினைக்கத் தொடங்கினோம். அன்று பேருந்தில் அப்படி வந்த குழந்தைகளில் பிழைத்தவர்கள்தான் இன்று பெரியவர்களாகிப் பேசுகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அந்நாளில் இங்கே சிசு மரணம் இன்றைவிடப் பல மடங்கு அதிகம்.

பெரியவர்களால் பயணம் செய்ய முடியாதே என்பது அடுத்த கேள்வி. முழங்கால் வலி, சர்க்கரை, வீட்டில் ஆடு மாடு, பொங்கல் நேரத்தில் அறுவடை. இவை நியாயமான தடைகள். ஆனாலும் அறுபது வயதுப் பாட்டியின் ரயில் பயணத்தையும் ஆறு வாரக் குழந்தையின் கார் பயணத்தையும் நிறுத்துப் பார்த்தால் எது எளிது என்பதில் ஐயமில்லை. பண்டிகை அன்றே வர வேண்டும் என்பதும் இல்லை. அறுவடை முடிந்து தை கடைசியில் வந்து பத்து நாள் தங்கலாம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் கொள்ளுப்பாட்டி, கண் மூடுமுன் பிள்ளையைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்றால் அது வேறு. அப்போது மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போவதை நான் மறுக்க மாட்டேன். விடுப்பு பண்டிகைக்கு மட்டும்தான் கிடைக்கிறது என்பது தந்தையரின் வாதம். மத்திய அரசு ஆண் ஊழியருக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் நிறுவனத் தந்தைக்கு அப்படிக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. இது பெருங்குறை. ஆனால் கிடைக்கும் நான்கு நாளையும் ஸ்டியரிங் பிடிப்பதில் செலவழிப்பதைவிட, குழந்தையை ஏந்திக்கொண்டு மனைவியைத் தூங்கவிடுவது அந்த வீட்டுக்குப் பெரிய பண்டிகை.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு தாயிடமிருந்தே வரும். நகரத்து அடுக்ககத்தில், கணவன் வேலைக்குப் போன பிறகு, நாள் முழுக்க அழும் குழந்தையோடு தனித்திருக்கும் பெண்ணுக்குத் தன் அம்மாவிடம் போவதைவிடப் பெரிய மருந்து இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு கற்பனையல்ல. பக்கத்தில் ஆள் இருப்பது அதைத் தணிக்கிறது. அவளைப் பதினான்கு வாரம் அங்கேயே இரு என்று சொன்னால் அது தண்டனையாகிவிடும். அதனால், நான் எதிர்ப்பது தாய்வீட்டை அல்ல. அம்மா இங்கே வந்து இருக்க முடியாதென்றால் மகள் அங்கே போகட்டும். ஆனால் ஒரே ஒரு முறை போய், மாதக்கணக்கில் தங்கட்டும். பண்டிகைக் கூட்டம் இல்லாத வார நாளில் போகட்டும். அங்கிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அடுத்த தவணை ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். தடுப்பூசி அட்டை கையில் இருந்தால் போதும். பிள்ளையை ஊருக்குக் காட்டிவிட்டுத் திரும்பும் நான்கு நாள் சுற்றுப்பயணத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. போவதா வேண்டாமா என்ற முடிவையும் அவளே எடுக்க வேண்டும். இரு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்துவிட்டு, கடைசியில் பை கட்டும் வேலையை மட்டும் அவளிடம் கொடுப்பது நியாயமில்லை.

அப்படிப் போகும்போது ரயிலே நல்லது. எழும்பூரிலிருந்து நெல்லைக்கு 2023 செப்டம்பர் முதல் ஓடும் வந்தே பாரத் ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் போய்ச் சேர்கிறது. இரவு ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைத்தால் தாய் காலை நீட்டலாம், எழுந்து நடக்கலாம், நிறுத்தம் தேடாமல் பால் கொடுக்கலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே தொடங்குகிறது. இரவு ஆம்னி பேருந்து, படுக்கை வசதி இருந்தாலும், நினைத்த இடத்தில் நிற்காது, அதை விட்டுவிடலாம். காரில்தான் போக வேண்டுமென்றால் அதிகாலையில் கிளம்பி, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, குழந்தையை இருக்கையிலிருந்து எடுத்து நேராகப் படுக்க வைத்து, வழியில் திருச்சியிலோ மதுரையிலோ ஓர் இரவு தங்கிப் போக வேண்டும். குழந்தைக்குப் பக்கத்தில் விழித்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். தடுப்பூசி போட்ட மறுநாள் கிளம்பக் கூடாது; காய்ச்சல் ஊசியால் வந்ததா வேறா என்று வழியில் பிரித்தறிய முடியாது. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்சுக்கு 108 என்பது ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, உடன் வருபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குடும்பங்களிடம் மட்டும் பொறுப்பைச் சுமத்திவிட்டு அரசு ஒதுங்க முடியாது. 2015இல் தமிழ்நாடு முழுவதும் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நாட்டுக்கே முன்மாதிரியான செயல் அது. அதைச் சுங்கச்சாவடிகளுக்கும் கொண்டுபோக வேண்டும். பணம் வசூலிக்கும் ஒவ்வொரு சாவடியிலும் தண்ணீர் வரும் கழிப்பறையும், கதவு பூட்டும் பால் ஊட்டும் அறையும், குழந்தையைக் கிடத்தித் துணி மாற்றும் மேசையும் இருப்பதை உரிமத்தின் நிபந்தனையாக்கலாம். குழந்தை இருக்கையை வாடகைக்குத் தரும் ஏற்பாடு அரசு மகப்பேறு மருத்துவமனைகளிலேயே இருந்தால், சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கும் அது எட்டும். பெற்றவளும் பிள்ளையும் வீடு திரும்பும் நாளில் தடுப்பூசித் தேதிகளை எழுதிக் கொடுக்கும் செவிலியர், பதினான்காம் வாரத் தேதிக்குப் பக்கத்தில் "அதுவரை நெடும்பயணம் வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுக்கலாம். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. மாமியாரிடமோ கணவனிடமோ முடியாது என்று சொல்லத் தயங்கும் பெண், அட்டையை எடுத்துக் காட்டினால் போதும்.